குறை சொல்லாத வீடு

அலுவலகத்தில் எல்லோரும் அவளைப் புள்ளியக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். புள்ளிவிவரம் பார்க்கிற அக்கா என்பது நாளடைவில் சுருங்கி அப்படி ஆகிவிட்டது. பெயரை மட்டும் கேட்டவர்கள் ஏதோ பெரும்புள்ளி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு வந்து, ஆளைப் பார்த்ததும் ஏமாந்து போவார்கள். நாற்பத்து நான்கு வயது. ஒடிசலான உடம்பு. மூக்கு நுனிக்கு வழுக்கிக்கொண்டே இருக்கும் கண்ணாடி. யாராவது பேச்சுக் கொடுத்தால் இரண்டு வார்த்தையில் பதில் சொல்லிவிட்டு மறுபடி கம்ப்யூட்டருக்குள் தலையை விட்டுக்கொள்வாள்.

போருக்கு முன்னால் அவள் ஊருக்கு ஊர் கிளை வைத்திருந்த ஒரு பல்பொருள் அங்காடியின் தலைமை அலுவலகத்தில் இருந்தாள். எந்தக் கடையில் எந்தச் சாமான் எப்போது தீரும் என்று முன்கூட்டியே சொல்வது அவள் வேலை. புயல் எச்சரிக்கை வந்தால் மெழுகுவர்த்தி, பரீட்சை மாதத்தில் காபித்தூள். பதினெட்டு வருஷம் பில்களைப் பார்த்தே ஜனங்களைத் தெரிந்துவைத்திருந்தாள். ஒரு முகமும் தெரியாது.

போர் தொடங்கிய மூன்றாம் மாதம் கணவனை ராணுவம் லாரி பழுது பார்க்கும் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போனது. பத்து நாளைக்கு ஒருமுறை அவனிடமிருந்து ஒரு செய்தி வரும். 'நலம்.' அவ்வளவுதான், ஒரு சொல். பதினைந்து வயது மகளை நாத்தனாரோடு இரண்டு எல்லை தாண்டி அனுப்பிவைத்தாள். மூன்று அறை வீட்டில் இரண்டை இழுத்துப் பூட்டினாள். பெருக்கித் துடைக்க நேரமில்லை என்று தனக்குத்தானே சாக்குச் சொல்லிக்கொண்டாள். உண்மையில் திறந்து கிடந்தால் உள்ளே எட்டிப் பார்க்கத் தோன்றியது. பார்த்தால் அன்றைக்கு ஒரு வேலையும் ஓடவில்லை.

அங்காடி மூடியதும் வேலை தேடி வந்து சேர்ந்த இடம்தான் இது. போர் நடக்கும் ஊர்களிலிருந்து ஓடிவரும் பெண்களை எல்லைக்கு அந்தப் பக்கம் பத்திரமாக அனுப்பும் உதவி அலுவலகம். மூடிப்போன ஒரு மரச்சாமான் கடையில் நடந்தது. சோபாக்களிலும் கட்டில்களிலும் விலைச்சீட்டு அப்படியே தொங்கிக்கொண்டிருக்கும். அலுவலகத்தை நடத்தியவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. அவரை எல்லோரும் ஹெச்.எம். என்பார்கள். அவர் ஒரு மூன்று பேர் சோபாவில் கோப்புகளைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். புள்ளியக்காவுக்குக் கிடைத்தது எட்டுப் பேர் உட்கார்ந்து சாப்பிடும் மேஜை. ஒரு நாற்காலியில் அவள், ஒன்றில் கைப்பை, மிச்சம் ஆறும் காலி. மத்தியானம் டப்பாவைத் திறந்து அங்கேயே தனியாகச் சாப்பிடுவாள்.

அந்தப் பக்கத்து நாட்டில் நிறையப் பேர் தங்கள் வீட்டில் ஓர் அறை தருவதாக எழுதியிருந்தார்கள். இந்தப் பக்கம் பஸ் பஸ்ஸாகப் பெண்கள் வந்து இறங்கினார்கள். யாரை எந்த வீட்டுக்கு அனுப்புவது? அவள் வருவதற்கு முன் அதை நோட்டுப் புத்தகத்தில் எழுதித்தான் செய்துவந்தார்கள். ஒவ்வொருத்தியும் நாலு நாள், ஐந்து நாள் விலைச்சீட்டு தொங்கும் கட்டில்களில் படுத்துக் காத்திருந்தாள். புள்ளியக்கா வந்து ஓர் அட்டவணை போட்டாள். கேட்டவுடன் பதில் சொல்லும் வீட்டுக்கு அதிக மதிப்பெண். நிபந்தனை குறைவாகப் போடும் வீட்டுக்கு இன்னும் கொஞ்சம். போனவர்கள் குறை ஒன்றும் சொல்லாவிட்டால் அதற்கும் சேர்த்து. மதிப்பெண்படி வீடுகள் தானாக வரிசையாகும். மேலே இருக்கும் வீட்டுக்கு முதலில் ஆள் போகும். ஐந்து நாள் காத்திருப்பு ஒரே நாளாகக் குறைந்தது. "இவ்வளவு நாள் எங்கம்மா இருந்த நீ?" என்று ஹெச்.எம். வாய்விட்டுச் சொன்னார். அவர் யாரையும் லேசில் பாராட்டுகிறவர் அல்ல.

ஐந்து மாதம் அப்படியே ஓடியது.

ஒரு திங்கட்கிழமை காலை ஒரு பெண் வந்து மேஜைக்கு எதிரே நின்றாள். முப்பது வயதிருக்கும். சட்டைக் காலரில் இரண்டு குண்டூசி குத்தியிருந்தது. தையல்காரி என்று சொல்லாமலே தெரிந்தது.

"அக்கா, என் தங்கச்சிய இங்க இருந்துதான் அனுப்புனீங்க. போய் ரெண்டு மாசம் ஆச்சு. மூணு வாரமா போன் அணைஞ்சு கெடக்கு."

புள்ளியக்கா பெயரைக் கேட்டுத் தட்டிப் பார்த்தாள். நூற்றிப் பதினாலாம் வீடு. அட்டவணையிலேயே முதல் வீடு. பச்சை நிறம்.

"பயப்படாதீங்க. ரொம்ப நல்ல வீடு. இதுவரைக்கும் அங்க போன யாரும் ஒரு குறைகூடச் சொன்னதில்ல. அங்க போனதும் நிறையப் பேர் சிம்மை மாத்திடறாங்க."

"என் தங்கச்சியும் சொல்லலியா?"

"இல்ல. போன வாரம்கூட எங்க வலைத்தளத்துல எழுதியிருக்காங்க பாருங்க. 'இங்க எல்லாம் நல்லா இருக்கு'ன்னு."

தையல்காரி திரையைப் பார்க்கவில்லை. இவள் முகத்தைத்தான் பார்த்தாள்.

"அக்கா, நீங்க அவளப் பாத்ததில்ல. தண்ணி குடுத்தா சூடா இருக்கும்பா, ஆத்திக் குடுத்தா ஆறிப்போச்சும்பா. நான் தச்ச துணியில ஒண்ணுகூட அவளுக்குச் சரியா இருந்ததில்ல. பிறந்ததுல இருந்து மூக்கால அழற ஜென்மம் அது. அவ எல்லாம் நல்லா இருக்குன்னு எழுதினாளா?" இல்லை என்று தலையாட்டினாள். "அது அவ எழுதினது இல்லக்கா."

விசாரித்துச் சொல்கிறேன் என்று அவளை அனுப்பிவிட்டுப் புள்ளியக்கா மறுபடி திரையைப் பார்த்தாள்.

முதலில் அந்த வீட்டுக்குப் போனவர்களை எல்லாம் தனியாக எடுத்தாள். ஐந்து மாதத்தில் பதினோரு பேர். மூத்தவளுக்கு இருபத்தாறு, இளையவளுக்குப் பத்தொன்பது. எல்லோரும் தனியாகப் போனவர்கள். குழந்தை, அம்மா, தோழி என்று கூட ஒரு துணையில்லை.

பிறகு மற்ற வீடுகளிலிருந்து வந்த குறைகளைத் திறந்தாள். இதுவரை அவற்றை எண்ணிக்கையாகத்தான் பார்த்திருந்தாள். அன்றைக்குத்தான் படித்தாள். நாய் குரைக்கிறது. வெந்நீர் வரவில்லை. வீட்டுக்காரியின் மாமியார் கதவைத் தட்டாமல் உள்ளே வருகிறார். மெத்தையில் பள்ளம். நன்றாகக் கவனித்துக்கொள்கிறார்கள், ஆனால் பேசியே கொல்கிறார்கள். உயிரோடும் சுதந்திரத்தோடும் இருக்கிற மனுஷி எதையாவது சொல்லி அலுத்துக்கொள்ளத்தான் செய்வாள். நூற்றிப் பதினாலில் இருந்து ஒன்றும் இல்லை. ஆறு பேரிடமிருந்து மட்டும் ஒரு வரி: 'இங்க எல்லாம் நல்லா இருக்கு. நண்றி.' ஆறிலும் அதே வரி. ஆறிலும் மூன்று சுழி ண. அந்த ஆறு பேரும் இங்கிருந்து கிளம்பும்போது கைப்பட நிரப்பிய படிவங்களை அலமாரியிலிருந்து எடுத்து வந்து பார்த்தாள். கடைசியில் நன்றி என்று ஐந்து பேர் எழுதியிருந்தார்கள். ஐந்து பேருமே ஒழுங்காகத்தான் எழுதியிருந்தார்கள்.

எல்லை தாண்டும் ஒவ்வொருவருக்கும் ஒரு பதிவெண் உண்டு. அந்தப் பக்கத்தில் ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், மொழி வகுப்பு, வேலைவாய்ப்பு அலுவலகம் என்று எங்கே அதைக் காட்டினாலும் வாரா வாரம் இந்த அலுவலகத்துக்குப் பட்டியல் வந்துவிடும். யாரும் அதைத் திறப்பதில்லை. அவள் திறந்தாள். இதுவரை போனவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பேர் முதல் மாதத்துக்குள் எங்காவது அந்த எண்ணைக் காட்டியிருந்தார்கள். காய்ச்சல், மொழி வகுப்பு, வேலைக்கு விண்ணப்பம் என்று ஏதோ ஒன்று. இந்தப் பதினோரு பேரில் ஒருத்திகூட எங்கும் காட்டவில்லை. பஸ்ஸிலிருந்து இறங்கி அந்த வீட்டுக்குள் போனதோடு சரி.

அவசரத்தில், செய்யக் கூடாது என்று தோன்றாமலே, பதினோரு எண்ணுக்கும் வரிசையாகப் போன் போட்டாள். பத்து அணைந்து கிடந்தன. பதினோராவது மணி அடித்தது. யாரும் எடுக்கவில்லை. ஒரு நிமிஷத்தில் அந்த எண்ணிலிருந்து செய்தி வந்தது.

'இங்க எல்லாம் நல்லா இருக்கு. நண்றி.'

போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்தாள். இன்னும் ஒரு கேள்வி பாக்கி இருந்தது. ஏன் அந்த வீடு? பதினோரு பேரும் எப்படி அங்கேயே போனார்கள்? பழைய கடிதங்களைத் தேடிப் படித்தாள். நாம் அறை கேட்டு எழுதினால் மற்ற வீடுகள் பதில் சொல்ல ஒன்றரை நாள் எடுத்துக்கொண்டன. வீட்டுக்காரரிடம் கேட்கணும், பையனுக்குப் பரீட்சை, வருகிறவர் சிகரெட் பிடிப்பாரா, எவ்வளவு நாள் இருப்பார் என்று ஆயிரம் தயக்கம். நூற்றிப் பதினாலு சராசரியாக நாலு நிமிஷத்தில் பதில் சொன்னது. ஒரு கேள்வி கேட்டதில்லை. குடும்பமாக யாரையாவது அனுப்பட்டுமா என்றால் மட்டும் 'இந்த வாரம் வசதிப்படாது' என்றது. ஒன்பது தடவை அப்படிச் சொல்லியிருந்தது. மறுப்பைக் குறித்துவைக்க அவள் அட்டவணையில் இடமே வைக்கவில்லை.

சீக்கிரம் பதில் சொன்னால் மதிப்பெண். நிபந்தனை இல்லாவிட்டால் மதிப்பெண். குறை வராவிட்டால் மதிப்பெண். பதினோரு பேரையும் அந்த வாசலில் கொண்டுபோய் விட்டது அவள் போட்ட வரிசைதான்.

எவ்வளவு நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாளோ. டப்பா திறக்காமலே இருந்தது. போனை நிமிர்த்தியபோது மகளின் செய்தி வந்திருந்தது. தினமும் மத்தியானம் வருவதுதான். 'நல்லா இருக்கேன்மா.' மேலே தள்ளிப் பார்த்தாள். நேற்றும் அதே. முந்தாநாளும் அதே. ஏழு மாதமாக அதே.

உடனே கூப்பிட்டாள்.

"என்னம்மா, இந்த நேரத்துல? அப்பாவுக்கு ஏதாவது..."

"அப்பாவுக்கு ஒண்ணும் இல்ல. நீ எப்படி இருக்க?"

"நல்லா இருக்கேன்மா."

"அத சொல்லாத. ஏதாவது குறை சொல்லு."

"என்ன குறை?"

"எதையாவது சொல்லு. ஏதாவது ஒண்ணு பிடிக்காமதான இருக்கும்? சொல்லு!"

மகள் மெல்ல ஆரம்பித்தாள். "அத்தை குறட்டை விடறாங்கம்மா. ஒரே ரூம். தூக்கமே வரல." பிறகு நிற்கவில்லை. குளிருக்குக் கொடுத்த ஜாக்கெட்டில் வேறு யாருடைய வாசனையோ வருகிறது. வகுப்பில் யாரும் பக்கத்தில் உட்காருவதில்லை. டீச்சர் அவள் பேரைத் தப்பாகக் கூப்பிடுகிறாள், திருத்தித் திருத்தி அலுத்துப்போய் இப்போது அந்தத் தப்புப் பேருக்கே எழுந்து நிற்கிறாள். "நீ தனியா இருக்கியேன்னுதான் எதுவும் சொல்லல. சொன்னா நீ அழுவ." கடைசியில் அவள்தான் அழுதாள். புள்ளியக்கா ஒரு குறையையும் விடாமல் கேட்டாள். அரை மணி நேரம் ஆயிற்று. அந்த அழுகை காதில் விழ விழ அவளுக்கு உயிர் திரும்பி வந்தது. பதினோரு அம்மாக்களோ அக்காக்களோ இப்படிக் கேட்க முடியாமல் இருப்பார்கள் என்று உடனே தோன்றியது. வந்த உயிர் பாதியில் நின்றது.

ஹெச்.எம்மிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். கேட்டு முடித்ததும் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"இது வெளிய தெரிஞ்சா நாளைக்கு ஒருத்தர்கூட நம்மகிட்ட பொண்ணுங்கள ஒப்படைக்க மாட்டாங்க. வீடு குடுத்தவங்களும் நமக்கு எதுக்கு வம்புன்னு ஒதுங்கிடுவாங்க. இன்னிக்குக் காலையில வந்த பஸ்ல மட்டும் அறுபத்திரெண்டு பேர். அவங்கள எங்க வெக்கறது, உன் மேஜை மேலயா?"

"தெரியல மேடம்."

"தெரியலன்னு சொல்லாத. அதுக்குத்தான உனக்கு சம்பளம்."

அவர் எழுந்து கண்ணாடிச் சுவர் ஓரம் போய் நின்றார். வெளியே காத்திருந்தவர்களைப் பார்த்தபடி வெகுநேரம் முதுகு காட்டி நின்றார். திரும்பி வந்தபோது குரல் இறங்கியிருந்தது.

"அந்தப் பக்கத்துப் போலீசுக்கு எழுது. என் கையெழுத்தும் இருக்கட்டும். ஆனா அந்த வரிசை விஷயத்த எழுத வேண்டாம்மா. உன்னத் தனியா பிடிச்சு நிறுத்திடுவாங்க."

"அத எழுதாட்டி போலீசுக்குப் புரியாது மேடம். வரிசையில எப்படி மேல வரணும்னு அந்த வீட்டுக்காரங்க கண்டுபிடிச்சிருக்காங்க. ஒரு வீட்டோட நின்னிருக்க மாட்டாங்க."

எழுதினாள். ஒன்றையும் மறைக்கவில்லை.

மறுநாள் அந்தப் பக்கத்து இன்ஸ்பெக்டர் போனில் வந்தார். அவர் அம்மா இந்த நாட்டுக்காரியாம். அதனால் நம் மொழியைக் கொஞ்சம் புத்தகத்தனமாகப் பேசினார். கடிதத்தை மூன்று முறை படித்ததாகச் சொன்னார். அவள் அந்த எண்களுக்குப் போன் செய்ததை மட்டும் கண்டித்தார். "இனி அவ்வாறு செய்யாதீர்கள் மேடம். அவர்கள் எச்சரிக்கை அடைந்திருப்பார்கள்." பிறகு கேட்டார், "இதே போன்று வேறு வீடுகள் உண்டா?"

அந்த வேலையை அவள் இரண்டு நாளில் செய்தாள். தன் அட்டவணையைத் தலைகீழாகத் திருப்பினாள். தொள்ளாயிரம் வீடுகள். தயங்கின வீடுகளை எல்லாம் ஒதுக்கினாள். கேள்வி கேட்டவர்கள், மாமியாரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றவர்கள், நாய் இருக்கிறது பரவாயில்லையா என்றவர்கள் எல்லோரும் விலகிப் போனார்கள். உடனே பதில் சொல்லி, எதுவும் கேட்காமல், குடும்பத்தை மறுத்து, தனிப் பெண்ணை மட்டும் வாங்கிக்கொண்டு, போனவளின் தடமும் இல்லாத வீடுகள்தான் மிஞ்சின. நூற்றிப் பதினாலைச் சேர்த்து மூன்று.

"மூணாவது வீடு பத்தி எனக்கு நிச்சயம் இல்ல சார். ஒரு வயசானவர் தனியா இருக்கார். போனது ஒரே ஒரு பொண்ணுதான்."

"நிச்சயம் செய்வது எங்கள் வேலை மேடம்."

வெள்ளிக்கிழமை விடிகாலையில் மூன்று வீட்டுக் கதவையும் ஒரே நேரத்தில் தட்டினார்கள். பத்து மணிக்கு இன்ஸ்பெக்டர் கூப்பிட்டுச் சொன்னார். நூற்றிப் பதினாலு காலியாக இருந்தது. இரண்டு நாள் முன்னால்தான் பூட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். அடுப்பில் பாத்திரம்கூட அப்படியே இருந்தது. இரண்டாவது வீட்டில் அங்கே அனுப்பிய பெண்கள் எல்லோரும் இருந்தார்கள். உள்ளே இருந்து திறக்க முடியாத கதவு. நூற்றிப் பதினாலுக்குப் போன பதினோரு பேரில் ஆறு பேர் அங்கே இருந்தார்கள். ஆறில் ஒருத்தி தையல்காரியின் தங்கை.

"அந்த அஞ்சு பேர் சார்? நான் போன் பண்ணதாலதான் காலி பண்ணிட்டாங்களா?"

அவர் யோசித்துத்தான் பதில் சொன்னார். "சொல்ல இயலாது மேடம்."

ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லியிருந்தால் ஏதாவது ஒரு பக்கமாக விழுந்திருப்பாள். சொல்ல இயலாது என்றது அவளோடு வீட்டுக்கு வந்தது, பூட்டாத ஒரே அறையில் அவளோடு உட்கார்ந்தது.

அடுத்த வாரம் தையல்காரி எல்லை தாண்ட அனுமதிக் கடிதம் வாங்க வந்தாள். தங்கைக்குத் துணி தைத்து எடுத்து வந்திருந்தாள். "அளவு தெரியலக்கா. எளைச்சிருப்பான்னு ரெண்டு இஞ்சு குறைச்சு ஒண்ணு, பழைய அளவுல ஒண்ணு." பேசிக்கொண்டே புள்ளியக்காவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "நீங்க மட்டும் தேடலன்னா..."

"கொஞ்சம் இருங்க. நான் ஒண்ணு சொல்லணும்."

சொன்னாள். சொல்லாமல் விட்டிருக்கலாம். யாரும் கேட்கவில்லை. அட்டவணை, மதிப்பெண், வரிசை, முதல் வீடு என்று ஒன்று விடாமல் சொன்னாள். தையல்காரி கேட்டுக்கொண்டே இருந்தாள். பிடித்திருந்த கை மட்டும் மெல்லத் தளர்ந்து விலகியது.

"அவ அந்த வீட்டுக்குப் போக மாட்டேன்னுதான் சொன்னா," என்றாள் கடைசியில். "எதுக்குடின்னேன். போன்ல ஒரு பொம்பள ரொம்ப இனிப்பாப் பேசறாங்க, எனக்குப் பிடிக்கலன்னா. எதுலதான் நீ குத்தம் கண்டுபிடிக்கல, ஆபீஸ்லயே முதல் இடத்துல இருக்கற வீடாம், வாய மூடிக்கிட்டுப் போன்னு நான்தான் பஸ் ஏத்துனேன்."

புள்ளியக்கா அனுமதிக் கடிதத்தை அவள் முன்னால் நகர்த்தி வைத்தாள்.

"உங்களத் திட்டணும்னு இருக்குக்கா. திட்டினா நான் மட்டும் தப்பிச்சுக்கிட்ட மாதிரி ஆயிடும்."

கடிதத்தை மடித்துத் துணிப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். பிறகு அவளிடமிருந்து போனும் இல்லை, எழுத்தும் இல்லை. இருவரும் அந்தப் பக்கமே தங்கிவிட்டதாகப் பதிவெண் பட்டியலில் இருந்துதான் தெரிந்தது. தங்கை ஒரு கண் டாக்டரிடம் போயிருந்தாள். அக்கா ஒரு தையற்கடையில் வேலைக்கு மனுப் போட்டிருந்தாள்.

மூன்றாவது வீட்டுப் பெரியவர் ஒரு புதன்கிழமை தானாகவே கூப்பிட்டார். குற்றமற்றவர் என்று இன்ஸ்பெக்டர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். அங்கே தங்கிய பெண் மூன்றே நாளில் வேறொரு நாட்டில் இருக்கும் சித்தி வீட்டுக்குப் போய்விட்டாளாம். அதனால்தான் தடம் இல்லை.

"நான் நாப்பது வருஷத்துக்கு முன்னாடி இங்க வேலைக்கு வந்தவன்மா," என்றார் பெரியவர். "என் பேர உங்க லிஸ்ட்டுல இருந்து எடுத்துடுங்க. நாலு போலீஸ் வந்தாங்க. கட்டிலுக்கு அடியில எல்லாம் பாத்தாங்க. எதிர் வீட்டுல எல்லாரும் ஜன்னல்ல நின்னுக்கிட்டிருந்தாங்க."

"என்ன மன்னிச்சிடுங்க ஐயா. உங்க பேர எழுதிக் குடுத்தது நான்தான்."

"எதனால எழுதினீங்க? நான் என்ன பண்ணேன்?"

மறைக்காமல் சொன்னாள். "நீங்க ரெண்டு நிமிஷத்துல பதில் போட்டீங்க. யாரு, என்னன்னு ஒரு கேள்வி கேக்கல."

பெரியவர் சிரித்தார். சிரிப்பில் கோபம் இல்லை. "போன பக்கத்துலயே வெச்சுக்கிட்டுத்தான் உக்காந்திருப்பேன். வேற யாரு கூப்பிடப் போறா? யாரு வந்தாலும் சரின்னு இருந்தது. நம்ம பேச்சு ரெண்டு வார்த்த வீட்டுக்குள்ள கேக்குமேன்னு பாத்தேன். குடும்பமா வராங்கன்னீங்க, இருக்கறது ஒரே ரூம், எங்க படுக்க வெக்கறது?"

அவர் பேரை அன்றைக்கே எடுத்துவிட்டாள். அடுத்த புதன்கிழமை மறுபடி கூப்பிட்டார். பேரை எடுத்தாச்சா என்று கேட்க. எடுத்தாச்சு ஐயா என்றாள். அங்கே மழை பெய்கிறதாம், முட்டி வலிக்கிறதாம். அதற்கு அடுத்த புதனும் கூப்பிட்டார். பேரை எடுத்தாச்சான்னு நிச்சயமாத் தெரிஞ்சுக்கணும், அதான். அவளும் ஒவ்வொரு தடவையும் தேடிப் பார்ப்பதுபோல் சாவிகளைத் தட்டிவிட்டு, இல்லை ஐயா, எடுத்தாச்சு என்பாள். பிறகு இருவரும் ஐந்து நிமிஷம் எதையாவது பேசுவார்கள்.

அட்டவணையை மாற்றி எழுதினாள். வேகத்துக்கு மதிப்பெண் இல்லை. ஒவ்வொரு வீட்டையும் அந்தப் பக்கத்து ஆள் ஒருவர் நேரில் போய்ப் பார்த்த பிறகுதான் வரிசையில் சேர்ப்பது. காத்திருப்பு மறுபடி நாலு நாளாயிற்று. கட்டில்கள் நிறைந்தன. ஹெச்.எம். நினைத்ததுபோல் யாரும் ஓடிவிடவில்லை. வீடு கொடுத்தவர்களில் நாற்பது பேர் விலகினார்கள், மிச்சப் பேர் இருந்தார்கள். விசாரணைக் குழு ஒன்று வந்து அவளிடம் இரண்டு நாள் கேள்வி கேட்டுவிட்டுப் போனது. இன்னும் முடிவு சொல்லவில்லை. அவள் வேலையைத் தொடர்ந்தாள்.

ஐந்து பதிவெண்களை ஒரு சீட்டில் எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டிவைத்திருந்தாள். வாரப் பட்டியல் வந்ததும் வேறெதையும் பார்க்காமல் அந்த ஐந்தைத்தான் முதலில் தேடுவாள். பதினான்கு வாரம் ஒன்றுமில்லை. பதினைந்தாவது வாரம் ஒன்று வந்தது. எங்கோ தெற்கே, கடற்கரை ஊர் ஒன்றின் அரசு ஆஸ்பத்திரியில் கையில் தையல் போட்டுக்கொண்டவளின் பதிவெண். எண்ணை நாலு முறை சரிபார்த்தாள். இன்ஸ்பெக்டருக்குச் சொன்னாள். மூன்று நாள் கழித்து அவர் கூப்பிட்டார்.

"அவர்தான் மேடம். ஒரு ஜன்னலை உடைத்துக்கொண்டு தாமாகவே தப்பி வந்திருக்கிறார். பத்திரமாக இருக்கிறார். எங்கே இருக்கிறார் என்பது யாருக்கும் தெரிய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். உங்கள் அலுவலகத்துக்கும்."

"சரி சார். சொல்ல வேண்டாம்."

போனை வைத்துவிட்டு அந்தப் பெண்ணின் வரியைத் திறந்தாள். இடம் என்ற கட்டத்தைக் காலியாக விட்டாள். நிலை என்ற கட்டத்தில் 'இருக்கிறாள்' என்று அடித்தாள். யாரிடமாவது சொல்ல வேண்டும் போல் இருந்தது. ஹெச்.எம். மருந்து வாங்கப் போயிருந்தார். மகள் வகுப்பில் இருப்பாள். கணவனுக்கு எழுதினாள்: 'இன்னிக்கு ஒருத்தி கிடைச்சா.' செய்தி போனதா இல்லையா என்று தெரியவில்லை. அவன் இருக்குமிடத்தில் பெரும்பாலும் சிக்னல் இருக்காது. சீட்டில் ஒரு எண்ணை மட்டும் கோடு போட்டு அடித்தாள். மற்ற நாலும் அப்படியே இருந்தன.

வாசலில் அன்றைய பஸ் வந்து நின்றது. இறங்கியவர்களைப் பதிவு செய்ய ஆள் போதவில்லை. புள்ளியக்கா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, படிவக் கட்டையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு தானே வாசலுக்குப் போனாள். முதலில் இறங்கிய பெண்ணை உட்காரச் சொன்னாள். பேரைக் கேட்பதற்கு முன்னால், அவள் முகத்தை நன்றாகப் பார்த்தாள்.